நிறுத்து விற்காத வெள்ளி: மட்டக்களப்பு வடிவமைப்பாளர் ஒருவரின் தொழில்வழி பற்றிய நிகழ்வு ஆய்வு

தங்கத்தில் வேலை செய்பவர் கிராமுக்கு இவ்வளவு கூலி, இவ்வளவு சேதாரம் என்று கேட்டு வாழ்ந்துவிடலாம். வெள்ளியில் அந்தக் கணக்கு கட்டாது. தகடாக்கி, வளைத்து, பற்றவைத்து, மெருகிடும் வேலை ஒரு கிராம் தங்கத்துக்கு எவ்வளவோ ஒரு கிராம் வெள்ளிக்கும் அவ்வளவுதான். பல இடங்களில் வெள்ளிக்கே கூடுதல். உலோகங்களிலேயே வெப்பத்தை மிக வேகமாகக் கடத்துவது வெள்ளி என்பதால், பற்று வைக்கிற இடத்தை மட்டும் சூடாக்கிவிட்டு ஒதுங்க முடியாது. பொருள் முழுவதும் சூடேற வேண்டும். வேலை ஒன்று, விலை பல மடங்கு குறைவு. வெள்ளி வேலை செய்பவர்கள் ஒவ்வொருவராகக் கடையில் விற்பனைக்கு நிற்கப் போனதற்கும், கொலுசு முழுவதும் அச்சில் அடித்து வருவதற்கும் இதுவே பெரிய காரணம்.

இந்த ஆய்வில் வருபவர் எழுவான்கரையில், அதாவது மட்டக்களப்பு வாவியின் கிழக்குக் கரையில், சிறு பட்டறை நடத்தும் ஒரு பெண். பெயரும் ஊரும் இங்கே தரப்படவில்லை. பத்தர் (பொற்கொல்லர்) குடும்பம். தகப்பனின் பட்டறையில் ஊதுகுழல் பிடித்துப் பழகி, பிறகு கல்லடியில் கட்புலக் கலை படித்தவர். இப்போது வெற்றிலை வட்டா (வெற்றிலை வைக்கும் காலுள்ள தட்டு), சுண்ணாம்புச் சிமிழ், பன்னீர்ச்செம்பு, கரண்டி என்று தானே வரைந்த வடிவங்களைச் செய்து விற்கிறார். எடைக்குக் கூலி வாங்கும் நிலையிலிருந்து வடிவத்துக்கும் நேரத்துக்கும் கூலி வாங்கும் நிலைக்கு அவர் வந்த வழியே இங்கே ஆராயப்படுகிறது. அந்த வழி பேச்சுத் திறமையால் திறந்ததல்ல. உலோகத்தை எங்கே தடிப்பாக விடுவது, எங்கே மெலிதாக்குவது என்ற அறிவால் திறந்தது.

பழுது வேலை கற்றுக்கொடுத்தவை

முதல் சில ஆண்டுகள் முழுவதும் பழுது பார்ப்பதுதான். அறுந்த அரைஞாண், கொக்கி கழன்ற கொலுசு, வாய் நெளிந்த சந்தனக் கிண்ணம். வருமானம் சொற்பம். ஆனால் பிறகு வந்த எல்லாவற்றுக்கும் அடித்தளம் இங்கேதான் விழுந்தது.

ஈயம் முதற்பாடம். பழைய வெள்ளிச் சாமானை யாரோ எப்போதோ ஈயத்தால் ஒட்டியிருப்பார்கள். அதைக் கவனிக்காமல் நெருப்பில் காட்டினால், ஈயமும் வெள்ளியும் கலந்து 304 பாகை செல்சியசிலேயே உருகத் தொடங்கும். பொருள் சிவக்கும் முன்னமே ஒட்டிய இடம் அரித்துத் துளையாகிவிடும். சாம்பல் நிறமாய், நகத்தால் கீறினால் பள்ளம் விழுகிற பற்று எங்கே இருந்தாலும், அதை அரத்தாலும் சுரண்டியாலும் கடைசித் துகள் வரை எடுத்த பிறகே நெருப்புப் பட வேண்டும். ஈயம் தேய்த்த அரத்தை வெள்ளிக்குத் திரும்ப எடுக்கக் கூடாது. அவர் அதற்கென்று ஓர் அரத்தைப் பிடியில் கறுப்பு நூல் சுற்றித் தனியே தொங்கவிட்டிருக்கிறார்.

அடுத்தது தரம். பழைய கொலுசுகளை மலிவாக வாங்கி உருக்கி 925 (ஆயிரத்தில் 925 பங்கு வெள்ளி) செய்யலாம் என்று நினைப்பவர்கள் பலர். கணக்குப் போட்டுப் பார்த்தால் புரியும். ஆயிரத்துக்கு 800 தரமுள்ள 300 கிராம் பழைய வெள்ளியை 925 ஆக்க, 500 கிராம் சுத்த வெள்ளி சேர்க்க வேண்டும். கையில் 300 கிராம் இருப்பவருக்கு 800 கிராம் உலோகம் வந்து நிற்கும். அதற்கு முதல் எங்கே? அதனால் பழையதைச் சுத்திகரிப்பவருக்கு விற்றுவிட்டு, கொழும்பு செட்டியார் தெருவில் சுத்த வெள்ளிக் குறுணல் வாங்குவதே அவருடைய வழக்கமாயிற்று. 500 கிராம் 925 வேண்டுமென்றால் 462.5 கிராம் சுத்த வெள்ளி, 37.5 கிராம் செம்பு. செம்பு மின்கம்பியிலிருந்து எடுத்ததாக இருக்கலாம், ஆனால் வெள்ளீயப் பூச்சுள்ள கம்பி ஆகாது. மூசையில் (உலோகம் உருக்கும் கிண்ணத்தில்) வெண்காரம் தூவி, முதலில் வெள்ளியை உருக்கி, பிறகு செம்பைப் போட்டு, கரிக்குச்சியால் கலக்கி ஊற்ற வேண்டும்.

உரைகல் தங்கத்துக்குத் தரும் நம்பிக்கையை வெள்ளிக்குத் தராது. விற்கும் சாமானில் 925 என்று குத்துகிறவர் ஒவ்வொரு உருக்கிலிருந்தும் ஒரு துண்டை ஆய்வுகூடத்துக்குக் கொடுத்துப் பார்ப்பதுதான் முறை. தேசிய இரத்தினக்கல், ஆபரண அதிகாரசபையிடம் அதற்கு வசதி உண்டு.

கோயில் வேலை

வைகாசியில் கண்ணகி அம்மன் சடங்கு, ஆடி அமாவாசைக்கு மாமாங்கேஸ்வரர் தீர்த்தம், அதன் பின் மண்டூர்த் திருவிழா என்று நேர்த்திக்குச் சாத்தும் கண்மலர், வெள்ளி உரு, சிறு வேல் ஆகியவற்றுக்குக் கேள்வி வரும். எல்லாம் 0.3 மில்லிமீற்றர்த் தகடு. அரக்கில் பதித்துச் செதுக்கும் கை இங்கே தேறிற்று. மற்றபடி இது பருவத் தொழில். தை தொடங்கிச் சித்திரை வரை பட்டறை வெறுமை. நேர்த்திக்கு வாங்குபவர் வடிவத்தைப் பார்ப்பதில்லை, பார்க்கவும் தேவையில்லை. அதனால் ஒரு வடிவமைப்பாளரின் தொழில் இதற்குள் வளர இடமில்லை.

வட்டா

திருப்பம் வெற்றிலை வட்டாவில் வந்தது. மட்டக்களப்பிலும் அம்பாறைக் கரையோரத்திலும், தமிழர் வீட்டிலும் முஸ்லிம் வீட்டிலும், கலியாணப் பேச்சுக்கு முன்னால் வைக்கிற பொருள் அது. வழக்கமானது பித்தளை வார்ப்பு, தடிப்பு, பாரம். அதே வடிவத்தை வெள்ளியில் வார்த்தால் எடை ஒரு கிலோவைத் தாண்டும், வாங்க ஆளிருக்காது. ஆகவே தகட்டிலிருந்து எழுப்ப வேண்டும். தகட்டுக்கு ஏற்ற வடிவம் வேறு.

அவர் இப்போது செய்யும் அளவு இது. தட்டு 160 மில்லிமீற்றர் விட்டம், விளிம்பு 12 மில்லிமீற்றர் உயரம். கால் 60 மில்லிமீற்றர் உயரம், மேலே 50, கீழே 90 விட்டம். தட்டுக்கு 180 மில்லிமீற்றர் வட்டத் தகடு, 0.9 தடிப்பு, அது 237 கிராம். காலுக்கு 0.8 தடிப்பில் 115 கிராம். வாய்க்கு 3 மில்லிமீற்றர் அரைவட்டக் கம்பி, காலின் அடிக்கு 2.5 மில்லிமீற்றர்ச் சதுரக் கம்பி, இரண்டும் சேர்ந்து ஏறக்குறைய 37 கிராம். மொத்தம் 390 கிராமுக்குச் சற்றுக் குறைவு. வட்டத்தை வெட்டிய மூலைகளில் மட்டும் ஏறக்குறைய 65 கிராம் மிஞ்சும். அது மூசைக்குத் திரும்பும்.

முதலில் வந்த தடை, பாளத்தை அழுத்தித் தகடாக்கும் உருளை. பட்டறையில் உள்ள கை உருளையின் அகலம் 120 மில்லிமீற்றர். 2 மில்லிமீற்றர்த் தடிப்பில் 120 விட்ட வட்டம் வெட்டி, அதைச் சுத்தியலால் 180க்கு அகட்டிப் பார்த்தார். எடைக் கணக்குச் சரி, தகடு சரியில்லை: ஓர் இடத்தில் 0.6, இன்னோர் இடத்தில் 1.2, விளிம்பில் வெடிப்பு. முன்னோர்கள் இப்படித்தான் செய்தார்கள், ஆனால் அந்தக் கை வர ஆண்டுகள் வேண்டும். அந்த நேரத்துக்குக் கூலி கொடுக்க வாங்குபவர் இல்லை. உருக்கி ஊற்றிய பாளத்தை அகல உருளை உள்ள இடத்துக்குக் கொழும்புக்கு அனுப்பித் தகடாக எடுப்பதே சரி என்று முடிவாயிற்று. கைவினை என்ற பெயருக்காக எல்லாவற்றையும் கையால் செய்து தேய்வதில் பொருளில்லை என்றே நாமும் கருதுகிறோம். கை வேண்டிய இடம் வேறு.

அந்த இடம் தட்டின் அடி. முதல் மாதிரியைத் தட்டையாகச் செய்தபோது, வாய்க்கம்பியைப் பற்றவைத்ததும் நடுப்பகுதி துள்ளத் தொடங்கியது. அழுத்தினால் டக்கென்று கீழே, விட்டால் மேலே. நடுத்தகடு சற்று விரிந்திருக்க, சுற்றிலும் கம்பி இறுக்கிப் பிடித்திருப்பதால் இது நேர்கிறது. தகட்டை 1.2 ஆக்கினால் துள்ளல் குறையும், ஆனால் எடை 79 கிராம் ஏறும். அவர் தடிப்பைக் கூட்டவில்லை. புளியங்கட்டையில் தோண்டிய ஆழமற்ற குழியில் வைத்து, நடுவை 3 மில்லிமீற்றர் மட்டும் மேல்நோக்கிக் குவித்தார். கண்ணுக்கு அது கிட்டத்தட்டத் தட்டையே, கைக்கு இறுக்கம். வெற்றிலை நடுவிலிருந்து ஓரத்துக்குச் சரிந்து அடுக்காக நிற்பதும் கூடுதல் நன்மை. 0.9 தகடு 1.2 தகட்டின் வேலையைச் செய்கிறது. 79 கிராம் வெள்ளிக்குப் போகவேண்டிய காசு கூலிப் பக்கம் நிற்கிறது.

விளிம்பு எழுப்பும்போது ஒவ்வொரு சுற்றுக்கும் தகட்டைக் காய்ச்சி இளக்க வேண்டும்: 600 முதல் 650 பாகை, இருட்டு மூலையில் மங்கிய சிவப்பு. வெயிலில் இதைச் செய்யவே கூடாது. சிவப்புத் தெரியாமல் சூட்டைக் கூட்டிவிடுவோம், தகட்டின் மேல் தோடம்பழத் தோல் போலப் பருக்கன் வரும். சிவப்பு அடங்கிய பிறகே தண்ணீரில் இட வேண்டும். சுருக்கம் விழுந்தால் அது மடிந்து ஒன்றின் மேல் ஒன்று படியும் முன்னரே தட்டி நீக்க வேண்டும். மடிந்ததை மீட்க வழியில்லை. சுத்தியலின் முகத்தில் உள்ள கீறல் ஒவ்வொரு அடியிலும் வெள்ளியில் பதியும். ஆகவே மட்டம் தட்டும் சுத்தியலைத் தனியே துணியில் சுற்றி வைப்பார்கள்.

காலைத் தகட்டில் வெட்ட, கூம்பை விரித்த அளவு இது: வெளி ஆரை 142.3 மில்லிமீற்றர், உள் ஆரை 79.1, கோணம் 114 பாகை. இதைத் தடித்த கடதாசியில் வெட்டி உருட்டிப் பார்த்துவிட்டே வெள்ளியில் கீற வேண்டும்.

பற்று மூன்று வகை, வரிசை மாறக் கூடாது. கால் பொருத்தும் அடிவளையமும் 745–778 பாகையில் ஓடும் கடினப் பற்றில். வாய்க்கம்பி 720–765 நடுத்தரத்தில். கடைசியாகத் தட்டும் காலும் சேரும் இடம் 705–723 இளம் பற்றில். 925 வெள்ளியே 802 பாகையளவில் உருகத் தொடங்குவதால் கடினப் பற்றுக்கும் பொருளுக்கும் இடையில் உள்ள இடைவெளி மிகச் சிறிது. கட்மியம் கலந்த பற்று சுலபமாக ஓடும், கடையில் மலிவாகவும் கிடைக்கும். அதன் புகை நுரையீரலையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும். உணவு, வெற்றிலை வைக்கும் பொருளில் அதைப் போடுவது மன்னிக்க முடியாத செயல்.

வாய்க்கம்பியில் பிழை போவது பெரும்பாலும் ஒரே விதமாகத்தான். பற்றுச் சூடான பக்கம் ஓடும். மெல்லிய தட்டு முதலில் சூடாகி, தடித்த கம்பி குளிர்ந்தே இருந்தால், பற்றுத் தட்டின் மேல் பரவிப் போகும், சந்து திறந்தே கிடக்கும். சுவாலையைக் கம்பியின் வெளிப்புறத்தில் வைத்துச் சுற்றிவர வேண்டும். 1 மில்லிமீற்றர்ச் சதுரத் துண்டுகளாகச் சுமார் 45 துண்டு, ஒன்றுக்கொன்று 11 மில்லிமீற்றர் தள்ளி. கட்டும் இரும்புக் கம்பியிலும் ஒரு நுட்பம் உண்டு. 700 பாகைக்குப் போகும்போது 160 மில்லிமீற்றர் வெள்ளித் தட்டு 2 மில்லிமீற்றருக்கு மேல் விரியும். இரும்பு அவ்வளவு விரியாது. இறுக்கிக் கட்டினால் கம்பி வெள்ளிக்குள் பதிந்து வெட்டும். கம்பியில் இடைக்கிடை சிறு நெளிவு வைத்துக் கட்டினால் அது நீண்டு கொடுக்கும். பத்துப் பங்கு தண்ணீருக்கு ஒரு பங்கு சல்பூரிக் அமிலம் ஊற்றிய கரைசலில் பொருளைப் போடும் முன் இரும்பை அகற்ற வேண்டும். மறந்தால் கரைசலில் உள்ள செம்பு வெள்ளியின் மேல் படிந்து ரோசா நிறமாக்கிவிடும். அமிலத்தைத்தான் தண்ணீரில் ஊற்ற வேண்டும், தண்ணீரை அமிலத்தில் அல்ல.

ஊதா நிழல்

முதல் 925 வட்டாவைக் கண்ணாடிபோல் மெருகிட்டபோது, தட்டின் நடுவில் மேகம்போல் ஓர் ஊதா நிழல் தெரிந்தது. துடைத்தால் போகாது, மெருகிட மெருகிடத் தெளிவாகும். நெருப்பில் ஒவ்வொரு முறை காட்டும்போதும் ஒட்சிசன் வெள்ளியினூடாக உள்ளே புகுந்து அங்குள்ள செம்பை ஒட்சைட்டாக்குகிறது. கறை மேலே இல்லை, தோலுக்கு அடியில். அதை எடுக்க 400, 600, 1000 என்று ஈர உப்புத்தாள் போட்டுத் தேய்க்கவேண்டி வந்தது. மூலை வளைவில் 0.9 தகடு 0.7 ஆயிற்று. கறை போயிற்று, பொருளும் மெலிந்தது.

அடுத்த வட்டாவில் இரண்டு மாற்றம். ஒவ்வொரு முறை காய்ச்சும் முன்னும் ஸ்பிரிட்டில் கலந்த போரிக் அமிலத்தைப் பொருள் முழுவதும் பூசி, ஸ்பிரிட் எரிந்து வெள்ளைப் படை நின்ற பிறகே சுவாலை. ஸ்பிரிட் போத்தல் அந்த அறையில் இருக்கக் கூடாது. மற்ற மாற்றம் வடிவமைப்பு: கண்ணாடி மெருகையே கைவிட்டார். எல்லாம் பொருத்தி முடிந்தபின், பொருளைக் கருக்கும்வரை சூடாக்கி, அமிலக் கரைசலில் இட்டு, பித்தளைத் தூரிகையும் பூந்திக்கொட்டை நுரையும் கொண்டு தேய்த்து, இதை நான்கைந்து தடவை செய்தால், மேற்பரப்பில் உள்ள செம்பு கரைந்து போய்ச் சுத்த வெள்ளித் தோல் நிற்கும். இறுதியில் சூடாக்கினாலும் கருக்காது. பால் வெள்ளை, மங்கல் மினுக்கம். வாய்க்கம்பியை மட்டும் உருக்குக் கம்பால் அழுத்தித் தேய்த்துப் பளபளப்பாக்குவார். சுண்ணாம்பும் வெற்றிலையும் இந்த வெள்ளையில் எடுப்பாகத் தெரிகின்றன. எந்திரத் தூரிகை பட்டால் அந்தத் தோல் போய்விடும் என்று வாங்குபவரிடம் சொல்லிக் கொடுக்க வேண்டும்.

கால்களுக்கும் சுண்ணாம்புக் கரண்டிப் பிடிக்கும் அவர் வைத்திருக்கும் இன்னொரு கையொப்பம் கணவாய் ஓடு. கடற்கரையில் ஒதுங்கும் ஓட்டை நன்றாகக் காயவைத்து, இரண்டாக அறுத்து, முகங்களை உரசிச் சமமாக்கி, மாதிரியை அழுத்தி, ஊற்றுவாயும் காற்றுப்போகச் சிறு கீறல்களும் வெட்டி, கம்பியால் கட்டி ஊற்றுவது. ஈரம் மிச்சமிருந்தால் உலோகம் சீறி வெளியே தெறிக்கும். ஓட்டின் அடுக்கு வரிகளைத் தூரிகையால் மெல்லத் தூசு தட்டிவிட்டால் அவை வெள்ளியில் அப்படியே விழும், அலை ஒதுங்கிய மணலின் வரிபோல. ஓர் ஓட்டில் ஒரு வார்ப்புத்தான். ஒரு பிடியைப்போல் இன்னொன்று வராது.

விலை

சாய்ந்தமருதிலிருந்து மகளின் கலியாணத்துக்கு வட்டா சொல்ல வந்தவர் கேட்ட முதற்கேள்வி: “கிராம் என்ன கணக்கு, தங்கச்சி?” இவர் சொன்னது: “வெள்ளிக்கு வேற காசு, வேலைக்கு வேற காசு நானா. வெள்ளிய நீங்களே வாங்கித் தந்தாலும் சரிதான்.” அவர் யோசித்துவிட்டு மேசையில் இருந்த வட்டாவை எடுத்து நடுவில் பெருவிரலால் அழுத்திப் பார்த்தார். துள்ளவில்லை. அதன்பின் எடையைப் பற்றிப் பேச்சு வரவில்லை.

கணக்கு இப்படி. தட்டுக்கு 13 மணிநேரம், காலுக்கு 8, பற்றுவேலைக்கு 6, உருக்கல், கம்பி இழுத்தல் முதலியவற்றுக்கு 4, வெள்ளையாக்கி முடிக்க 11; மொத்தம் 42. கிராமுக்குக் கூலி வாங்கியிருந்தால் அதை 42ஆல் பிரித்து வரும் தொகை வயல்வேலை நாட்கூலியைக் கூடத் தொடாது. எனவே மணிநேரத்துக்கு ஒரு விலை வைத்தார். வாயு, அமிலம், தாள், கொழும்புக்குப் போய்வரும் செலவு என்று அதில் ஐந்தில் ஒரு பங்கு கூட்டினார். புதிய வடிவத்தின் செம்பு மாதிரிக்குப் போன நேரத்தை முதல் வாடிக்கையாளர் தலையில் கட்டாமல் ஐந்து வட்டாவுக்குப் பங்கிட்டார். வெள்ளியின் விலை நாளுக்கு நாள் மாறுவதால், கட்டளை தருகிற அன்றே உலோகத்தின் முழுப் பணமும் வாங்கி அன்றே குறுணல் வாங்கிவிடுவார். வெட்டில் மிஞ்சுவதை நிறுத்துக் காட்டிக் கழித்துக்கொடுப்பார். இந்தக் கடைசிப் பழக்கமே அவருக்கு அதிக வாடிக்கையாளரைக் கொண்டு வந்திருக்கிறது.

வெள்ளி மட்டும் சோறு போடுமா?

இங்கிலாந்தின் வெள்ளி வடிவமைப்பாளர் ராபர்ட் வெல்ச்சை ஒப்பிட்டுப் பார்க்கலாம். 1955இல் சிப்பிங் காம்டன் என்ற சிற்றூரின் பழைய பட்டு ஆலையில் வெள்ளிப் பட்டறை போட்டவர், 2000இல் இறந்தார். அதே ஆலையில் 1902இல் சார்ள்ஸ் ஆஷ்பி தன் கைவினைச் சங்கத்தை இலண்டனிலிருந்து கொண்டுவந்து குடியமர்த்தினார். கைவேலை மட்டுமே என்று நின்ற சங்கம் சில ஆண்டுகளிலேயே, 1908 அளவில், கலைந்துபோயிற்று. (நம் கலையறிஞர் ஆனந்த குமாரசுவாமி அந்நாளில் குடியிருந்ததும் பக்கத்துச் சிற்றூரில்தான், ஆஷ்பியே அவருக்கு அந்த வீட்டைத் திருத்திக் கொடுத்தார்.) வெல்ச் நிலைத்தார். காரணம், பட்டறையில் வெள்ளியும், ஆலைகளுக்காகத் துருப்பிடிக்காத உருக்கில் கரண்டியும் பாத்திரமும் என்று இரண்டையும் வரைந்தார். மலிவான உலோகம் சோறு போட்டது; வெள்ளி கையைக் கூர்மையாக வைத்தது.

மட்டக்களப்பில் அந்த ஆலை இல்லை. பித்தளை வார்ப்பவர்கள் இருக்கிறார்கள். குவிந்த அடியும் மெலிந்த காலும் உள்ள அதே வட்டாவைப் பித்தளைக்கு ஏற்றபடி, தகடு 0.9 அல்ல வார்ப்பு 2.5 மில்லிமீற்றர் என்று வரைந்து கொடுத்து, ஒவ்வொன்றுக்கும் சிறு தொகை வாங்குகிறார். கோயில் பருவம் இல்லாத மாதங்கள் இப்போது இப்படித்தான் நிரம்புகின்றன. வரைபடத்தைக் கொடுத்தால் களவு போகுமே என்ற கவலை நியாயமானதுதான். ஆனால் வார்ப்பவர் ஒவ்வொரு பொருளின் அடியிலும் அவருடைய முத்திரையையும் சேர்த்து வார்ப்பதால், போலி எது என்று கடைக்காரர்களே சொல்லிவிடுகிறார்கள்.

வாவிக்கரையில் வெள்ளி

வற்றிய காலத்தில் வாவிச் சேற்றிலிருந்து எழும் முட்டை நாற்றம் ஐதரசன் சல்பைட்டு. அதுவே வெள்ளியைக் கருக்கும் வாயு. வாவியோர வீட்டில் திறந்த அலுமாரியில் வைத்த வட்டா சில வாரங்களில் மஞ்சளித்துப் பின் கருக்கும். பத்திரிகைத்தாளில் சுற்றுவதும் இறப்பர் வளையம் போடுவதும் நிலைமையை மோசமாக்கும். இரண்டிலும் கந்தகம் உண்டு. துவைத்துக் காய்ந்த பருத்தித் துணியில் சுற்றிக் காற்றுப்புகாத பொலித்தீன் பையில் வைக்கச் சொல்கிறார். கருத்துவிட்டால் சுடுநீரில் அப்பச்சோடா கரைத்து, அடியில் அலுமினியத் தாள் விரித்து, வெள்ளி அதில் தொடும்படி வைத்தால் சில நிமிடத்தில் தெளியும், வெள்ளியும் தேயாது. திருநீறு நல்ல மெருகுப்பொடிதான், ஆனால் சுத்த வெள்ளித் தோல் உள்ள பொருளில் வேண்டாம்.

இப்போது பட்டறையில் இழுபறியில் இருப்பது பன்னீர்ச்செம்பின் கழுத்து. அடியில் 25 மில்லிமீற்றர், நுனியில் 6. ஒரே தகட்டைச் சுருட்டிக் கடினப் பற்றில் பொருத்தி, பிறகு தட்டிக் குறுக்கினால், பொருத்து நடுவில் வாய் திறக்கிறது. பற்று வெள்ளியைவிடக் கடினமும் நொய்மையும் உள்ளது; சுற்றி உள்ள தகடு சுருங்க, அது சுருங்க மறுத்து வெடிக்கிறது. ஒவ்வொரு முறை இளக்கும்போதும் பற்றிலுள்ள நாகம் (துத்தநாகம்) சற்றுச் சற்றாக வெளியேறிப் பொருத்தில் நுண்துளை விடுகிறது. ஆகவே கழுத்தை இரண்டு துண்டாக்கினார். கீழ்த்துண்டு 25இலிருந்து 14 வரை, மேல்துண்டு 14இலிருந்து 6 வரை. இரண்டையும் விரித்த கூம்பாகவே வெட்டுவதால் பொருத்தியபின் குறுக்கவேண்டிய வேலை மிகக் குறைவு. இரண்டும் சேரும் சந்தில் 2 மில்லிமீற்றர் வளையம் ஒன்று. பன்னீர் தெளிக்கும்போது பெருவிரலும் சுட்டுவிரலும் போய் நிற்கும் உயரத்திலேயே அந்த வளையத்தை வைத்திருக்கிறார்.